பெருநகர்க் கவிதையும் தேர்வாய் கண்டிகையும்

இக்காலக் கவிதை குறித்து இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு துறைத்தலைவர் அவர்கள் பணித்தபோது, பாரதியில் தொடங்கி, ந. பிச்சமூர்த்தி வழியாக வந்து, வானம்பாடியைத் தொட்டு, ஐக்கூவில் நிறைவு செய்யும் வழக்கமான பாதையே முதலில் நினைவில் எழுந்தது. ஆண்டுதோறும் வகுப்பில் நாம் நடத்தும் பாடம் அது. மாணவர்கள் தேர்வுத்தாளில் அதை நமக்கே திருப்பித் தருகிறார்கள். நாமும் மதிப்பெண் இட்டு அனுப்புகிறோம். அதையே மலரிலும் அச்சேற்ற மனம் ஒப்பவில்லை. சென்ற கல்வியாண்டில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்து நின்று கேட்ட வினா ஒன்று நெடுநாள் நம்மை விடாமல் பற்றியிருந்தது. அதற்கு விடை தேடும் முயற்சியாகவே இதனை எழுதுகிறோம்.

“ஐயா, புதுக்கவிதை எழுதினவங்க எல்லாரும் சென்னையிலேயே இருக்காங்களே, எங்க பக்கம் ஒருத்தருமே இல்லையா?”

அம்மாணவரின் ஊர் தேர்வாய் கண்டிகை. திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய சிற்றூர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் வட்டாரம். அவ்வூரின் பெயரை நம் வாசகர்களில் சிலர் நாளேடுகளில் கண்டிருக்கக்கூடும். ஊரை ஒட்டிக் கிடந்த சுமார் 1,100 ஏக்கர் காடும் மேய்ச்சல் நிலமும் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டன. பிரான்சு நாட்டு மிசெலின் டயர் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்து அங்கு ஆலை அமைத்தது. ஊர்மக்கள் உண்ணாநோன்பு, வழக்கு எனப் பலவாறு போராடினர். 2012-இல் அம்முறையீடு பிரான்சு வரையிலும் சென்றது. ஆலைகள் வந்தன. பின்னர், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 380 கோடி ரூபாய்ச் செலவில், 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்பட்டு 2020 நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகியவற்றை அடுத்துச் சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது நீர்த்தேக்கம் அது.

இத்தனையும் நிகழ்ந்த ஊரிலிருந்து வந்தவர், தம் பக்கத்தில் கவிஞர் ஒருவரும் இல்லையா என்று கேட்கிறார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவா அது?

சென்னையின் கவிதை சென்னைக்காரர்களால் ஆனதன்று என்பதையே அன்று வகுப்பில் முதலில் எடுத்துரைத்தோம். 1959 சனவரியில் திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ‘எழுத்து’ ஏட்டைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா மதுரைச் சீமையின் வத்தலக்குண்டைச் சார்ந்தவர். அவ்வேட்டில் புதுக்கவிதைக்கு வழிகாட்டிய பிச்சமூர்த்தி கும்பகோணத்துக்காரர். 1970-இல் ‘எழுத்து’ நின்ற ஆண்டிலேயே சென்னையில் ‘கசடதபற’ பிறந்தது. அதன் முன்னணியில் நின்ற ஞானக்கூத்தன் மாயவரத்தை அடுத்த திருஇந்தளூரில் பிறந்து, சென்னையில் அரசுப் பணியில் அமர்ந்தவர். அவருடைய தோழர்கள் சா. கந்தசாமியும் ந. முத்துசாமியும் அதே காவிரிக் கரைக்காரர்கள். கந்தசாமி பட்டணத்தில் அமர்ந்துகொண்டு எழுதிய ‘சாயாவனம்’ என்னும் புதினம், கரும்பாலை ஒன்றுக்காக ஒரு காடு அழிவதைச் சொல்லுகிறது. கவிதை பற்றிய கட்டுரையில் புதினம் எதற்கு என்று கேட்பீர்களாயின், தேர்வாய் கண்டிகை மாணவருக்கு நூலகத்திலிருந்து நாம் முதலில் எடுத்துக் கொடுத்த நூல் அதுவே என்பது நம் விடை. நான்கு நாளில் படித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். “இதுல காட்டுல இருக்கிற மரத்துக்கெல்லாம் பேரு இருக்குய்யா” என்று மட்டும் சொன்னார்.

நம்மவர்கள் பக்கம் வருவோம். மு. மேத்தா பெரியகுளத்திலிருந்து வந்து மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1974-இல் வெளிவந்த அவருடைய ‘கண்ணீர்ப் பூக்கள்’ கல்லூரி விடுதிகளில் கை மாறி மாறிக் கிழிந்த நூல். மனுஷ்ய புத்திரன் திருச்சி மாவட்டத் துவரங்குறிச்சியிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் ‘உயிர்மை’யை நடத்துகிறார். அதே துவரங்குறிச்சியில், பூப்பெய்தியதும் பள்ளிப்படிப்பை விட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட சல்மாவின் கவிதைகள் 2000-ஆம் ஆண்டில் நூலாகித் தமிழுலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன. கவிக்கோ அப்துல் ரகுமான் மட்டும் இவ்வரிசையில் சற்று விலகி நிற்கிறார். மதுரையில் பிறந்தவர், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே ‘பால்வீதி’யை எழுதினார், ‘ஆலாபனை’க்காக 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நகரத்துக்கு வராமலே நகரத்தைத் தம் பக்கம் திருப்பியவர் அவர். ஆயினும் அவருடைய இறுதிக் காலமும் சென்னையில்தான் கழிந்தது; 2017 சூன் 2-ஆம் நாள் இந்நகரிலேயே காலமானார்.

இவ்வழக்கம் புதிதன்று. தொண்டிக்கருகில் உள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்பார், துறவு பூண்டு ஊர்கள் பல சுற்றி, இறுதியில் வடசென்னைக்கு வந்து இராயபுரத்தில் தங்கினார். அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு. ‘மஸ்தான்’ என்னும் சொல்லே இறைக்காதலின் போதையில் தன்னை மறந்தவரைக் குறிப்பது. பித்தர் என்று சிலர் ஒதுங்க, திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற சைவப் புலவர்கள் அவரைக் குருவாகப் போற்றி நான்மணிமாலை பாடினர். தொண்டியிலிருந்து வந்தவராதலின் ‘தொண்டியார்’ என்றும், அதனாலேயே அப்பகுதி தொண்டியார்பேட்டை ஆயிற்று என்றும் வழங்கும் செவிவழிச் செய்தியைப் பெரியோர்கள் அறிவார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்தொடர் வண்டி தண்டையார்பேட்டையில் நின்றுதான் நகருக்குள் நுழைகிறது. நம் மாணவர் நாள்தோறும் ஒரு கவிஞரின் பெயரைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறார்! இதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார்.

ஆனால் அவர் வினா இவ்வாறு பெயர்களை அடுக்குவதால் தீர்ந்துவிடவில்லை. மாயவரத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் துவரங்குறிச்சியிலிருந்தும் வந்து கவிஞராக முடிந்திருக்கிறது. ஐம்பது கல் தொலைவுக்குள் இருக்கும் தேர்வாய் கண்டிகையிலிருந்து ஏன் முடியவில்லை?

இதற்கு விடை நமக்கு நூல்களில் கிட்டவில்லை. இரயில் அட்டவணையில் கிட்டியது. இலக்கியம் இந்நகரில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கண் விழிக்கிறது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கமாயினும், கலைஞர் கருணாநிதி நகரில் புத்தகக் கடையின் மாடியாயினும், கூட்டம் ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும், ஆறரைக்குத் தொடங்கும், தலைவர் முன்னுரை முடிக்க ஏழாகும். ஏற்புரை எட்டரை. அதற்குப் பின்னர்த் தேநீர்க் கடை வாசலில் நடைபெறும் பேச்சே உண்மையான கூட்டம் என்பதை அங்குச் சென்று பழகியோர் அறிவர். எந்த ஏட்டுக்கு அனுப்பலாம், எவரைப் படிக்க வேண்டும், எந்த வரியை வெட்ட வேண்டும் என்பனவெல்லாம் அங்குதான் கைமாறுகின்றன. தொலைவிலிருந்து வந்தவர் திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் அறை எடுத்துத் தங்குகிறார். அவருக்கு அந்த மாலைப்பொழுது கிடைத்துவிடுகிறது. அருகிலிருந்து வருபவரோ நாள்தோறும் வீடு திரும்புகிறார். பகல் முழுவதும் நகரில் இருப்பார். நகரின் மாலை அவருக்கு இல்லை.

நம் மாணவர் விடியலில் ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார். பேருந்தில் கவரைப்பேட்டை வந்து, அங்கு இரயில் ஏறி, மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, மீண்டும் பேருந்து. திரும்புகையில் இரவு ஏறிவிட்டால் ஊருக்குப் பேருந்து கிடைப்பது அரிது. ஆலை ஷிப்டு முடிந்து செல்வோரின் வண்டியில் தொற்றிக்கொள்ள வேண்டும். அவரோடு அதே இரயிலில் வரும் மாணவி ஒருவர் உண்டு. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவர். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது அவருடைய தாயாரின் கட்டளை. தமிழகத்தில் ஈழக் கவிதையைப் பரவலாக அறிமுகம் செய்த நூல்களுள் ஒன்று ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’. கல்முனையைச் சார்ந்த எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த அந்நூலைச் சென்னையின் ‘க்ரியா’ 1984-இல் வெளியிட்டது. அம்முகாமில் வளர்ந்த பெண்பிள்ளை அந்நூலைப் பற்றிய கூட்டம் ஒன்றுக்குப் போக விரும்பினால், ஏற்புரைக்கு முன்பே எழுந்து வர வேண்டியதுதான்.

சென்ற ஆண்டில் ஒருமுறை, பெற்றோர் ஒப்புதலோடு, ஐந்து மாணவர்களை நகரத்துக் கவியரங்கு ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். நம் தேர்வாய் கண்டிகை மாணவருக்கும் ஒரு கவிதை வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய பாட்டியார் இளமையில் ஆடு மேய்த்த காட்டின் மரங்களை, எந்த மரத்தடியில் எந்த ஆடு குட்டி ஈன்றது என்று சொல்லிக்கொண்டே போகும் கவிதை அது. களா, காரை, சூரை, நாவல் எனப் பெயர்கள் வந்துகொண்டேயிருக்கும். இறுதியில் அந்த இடங்கள் ஆலையின் வாயில் எண்களாக மாறியிருக்கும். படிமம் இல்லை, எதுகை இல்லை, இருண்மை இல்லை. அரங்கில் பலர் கைதட்டினர். கூட்டம் முடிந்தபின் இளங்கவிஞர் ஒருவர் நட்போடு அருகில் வந்து, “தேர்வாய் கண்டிகையா? அது எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“நீங்க குடிக்கிற தண்ணி வர்ற பக்கம் சார்,” என்றார் நம் மாணவர்.

குத்தலாகச் சொல்லவில்லை. வழி சொல்லும் குரலில்தான் சொன்னார். கேட்டவர் ஒரு கணம் திகைத்து, பின்பு தம் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார். நாங்கள் ஓட்டமும் நடையுமாகச் சென்று இரயிலைப் பிடித்தோம். அன்றிரவு அவர் வீடு சேர்ந்தபோது மணி பன்னிரண்டைக் கடந்துவிட்டது என்பதை மறுநாள் அறிந்தோம்.

இனி, சமுதாயப் பெரியோர்கள் முன்வைத்த ஒரு கருத்தையும் பேசாமல் விடுவது முறையாகாது. துறையின் சார்பில் மாதந்தோறும் கவியரங்கு ஒன்று நடத்தலாம் என்று நாம் முன்மொழிந்து, எடுத்துப் படிக்க வேண்டிய கவிஞர்களின் பட்டியலை ஆட்சிக்குழுவினரிடம் அளித்தோம். அக்குழுவின் மூத்த ஹாஜியார் ஒருவர், நம் தந்தையாரின் வயதினர், நம்மைத் தனியே அழைத்துத் தேநீர் தந்து, கனிவோடே கேட்டார்.

“பேராசிரியர், அப்துல் ரகுமான் சாகிபைப் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இன்குலாப் எதற்கு? அவர் தீனை விட்டு விலகி நின்றவர் அல்லவா? பிள்ளைகளுக்கு அவர் எதற்கு?”

இவ்வினாவில் அக்கறை இருக்கிறது. அதை நாம் இகழ மாட்டோம். இன்குலாபின் இயற்பெயர் சாகுல் அமீது. 1944-இல் கீழக்கரையில் பிறந்தவர். நம் சமுதாயத்தார் 1951-இல் நிறுவிய சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மார்க்சியராகவே வாழ்ந்து, 2016 திசம்பர் முதல் நாள் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. மறுஆண்டில் ‘காந்தள் நாட்கள்’ நூலுக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை அவருடைய குடும்பத்தார் ஏற்க மறுத்துவிட்டனர். இவை யாவும் ஹாஜியார் அறிந்தவையே. ஆகவே அவர் அறியாத ஒன்றை மட்டும் அன்று அவரிடம் சொன்னோம்.

ஒடுக்கப்பட்ட மக்களும் மனிதரே என முழங்கும் இன்குலாபின் பாடல் கே.ஏ. குணசேகரனின் குரலில் தமிழகமெங்கும் பரவியது. தேர்வாய் கண்டிகை மாணவர் அப்பாடலைச் சிறுவயதிலேயே தம் பகுதியின் கூட்டங்களில் கேட்டிருக்கிறார். முழுவதும் மனப்பாடம். எழுதியவர் பெயர் மட்டும் தெரியாது. வகுப்பில் நாம் சொன்னபோதுதான், அதை எழுதியவர் ஒரு முசுலிம் வீட்டுப் பிள்ளை என்றும், முசுலிம்கள் நடத்தும் கல்லூரியில் நம்மைப் போல் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியர் என்றும் அறிந்தார். அன்று வகுப்பு முடிந்தபின் நம் மேசையருகே வந்து நின்று, “அவரு நம்ம மாதிரி காலேஜுலயாய்யா இருந்தாரு?” என்றார். இரண்டாண்டாக இக்கல்லூரியை அவர் ‘உங்க காலேஜு’ என்றே சொல்லிவந்தார். ‘நம்ம’ என்று அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

ஹாஜியார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “குணங்குடியாரையும் அக்காலத்தில் வாசலில் நிறுத்தியவர்கள் இருந்திருப்பார்கள்” என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பட்டியலில் எப்பெயரையும் அடிக்கவில்லை. அதற்காக அவர் கருத்து மாறிவிட்டது என்று நாம் உரிமை கொண்டாடவும் இல்லை. “நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைப் பற்றி மேத்தா பாடிய காவியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார், சேர்த்துக்கொண்டோம். நியாயமான கோரிக்கைதானே.

இந்நகரில் இலக்கியத்துக்கு இடம் கொடுப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய செயலன்று என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட விழைகிறோம். இன்று நந்தனத்தில் இலட்சக்கணக்கானோர் திரளும் சென்னைப் புத்தகக் காட்சி, 1977-இல் முதன்முதலாக நடந்தது அண்ணா சாலையின் மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில்தான். பின்னர் நெடுங்காலம் காயிதே மில்லத் பெயர் தாங்கிய மகளிர் கல்லூரியில் நடைபெற்றது. செல்லப்பா தம் நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். அவர் படியேறிய தமிழ்த்துறைகளில் எத்தனை அவரை அமரச் சொல்லியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. கவிதைக்குத் துறைகள் செய்யக்கூடிய பெரிய தொண்டு ஒரு நாற்காலியும் ஒரு மணி நேரமும்தான். ஆய்வேடுகளை அதற்குப் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி ஆசிரியர்களிடையே சிறிது வழக்காடல் எழுந்தது. மாலையில் வைத்தால்தான் நகரத்துக் கவிஞர்கள் வருவார்கள், அலுவலகம் செல்வோர் அவர்களில் பலர் என்றனர் நண்பர்கள். உண்மைதான். நகரத்துக் கவிஞர் ஒருவர் குறைந்தாலும் தாழ்வில்லை, வடக்கே செல்லும் இரயிலைப் பிடிக்க வேண்டிய மாணவர் ஒருவரும் விடுபடலாகாது என்பது நம் கட்சி. சனிக்கிழமைப் பிற்பகல் என்றால் அலுவலகக் கவிஞர்களில் பாதிப்பேராவது வரக்கூடும். முதல்வர் அவர்கள் நம் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

தேர்வாய் கண்டிகை மாணவர் இப்போது மூன்றாம் ஆண்டில் பயில்கிறார். நீர்த்தேக்கத்தைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதத் தொடங்கியிருக்கிறார். ஏரிக்குள் போன வயல்களின் பெயர்களைப் பாட்டியாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறார். பாதிப் பெயர்கள் தெலுங்கில் இருப்பதால் அவற்றை எப்படி எழுதுவது என்று நம்மோடு மல்லுக்கு நிற்கிறார். ஒலிப்பு எப்படியோ அப்படியே எழுதுங்கள் என்கிறோம். கவிதையாக இன்னும் முற்றவில்லை. நடுப்பகுதி தளர்ந்து கிடக்கிறது. செய்தித்தாள் நடை ஆங்காங்கே தலைகாட்டுகிறது. முகாமிலிருந்து வரும் மாணவி அதில் நான்கு வரிகளை வெட்டித் தந்திருக்கிறார். வெட்டிய நான்கும் வெட்டப்பட வேண்டியவையே.

கவியரங்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின் இரண்டு மணிக்குத் தமிழ்த்துறையின் பெரிய வகுப்பறையில் தொடங்குகிறது. அஸருக்கு முன் முடிந்துவிடும். தேநீரும் அதற்குள்ளேயே தரப்படும். வெளி மாணவர்களும் வரலாம். கவிதை கையெழுத்தில் இருந்தாலும் போதும்.